மரபணுப் பரிசோதனைச் செலவு மறுக்கப்பட்டால்: எல்லைப்புற வாடிக்கையாளர் எங்கே முறையிடுவது?

சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதியினர் கோயம்புத்தூரிலும், குமுளி, தேவிகுளம் பகுதியினர் தேனியிலோ மதுரையிலோ சிகிச்சை பெறுவது வழக்கம். சிலர் மருத்துவக் காப்பீட்டு பாலிசியையும் அங்குள்ள கிளையிலேயே எடுத்திருப்பர். புற்றுநோய்க்கு ஏற்ற மருந்தைத் தேர்ந்தெடுக்க மரபணுப் பரிசோதனை செய்த பின், அச்செலவை நிறுவனம் மறுத்தால் எந்த மாநிலத்தில் முறையிடுவது?

முதலில் மறுப்புக் கடிதத்தில் கூறப்பட்டுள்ள காரணத்தைக் கவனியுங்கள்.

"மரபணு நோய்க்குக் காப்பீடு இல்லை" என்பது காரணமாயின், அதனை எதிர்க்க வலுவான ஆதாரம் உண்டு. இதய நோயாளி ஒருவரின் வழக்கில், இவ்வாறு பொதுவாக விலக்குவது அரசியலமைப்புக்கு முரணானது என 2018 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் ஒரு பகுதியை உச்ச நீதிமன்றம் பின்னர் நிறுத்திவைத்தது. எனினும், மருத்துவ பாலிசிகளில் மரபணு நோய்களை விலக்கலாகாது எனக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019 செப்டம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. முறையீட்டில் இதனையே குறிப்பிடுங்கள்.

"பரிசோதனை மட்டுமே, சிகிச்சை அன்று" என்பது காரணமாயின் சற்றுக் கவனம் தேவை. பரிசோதனைக்காக மட்டும் மருத்துவமனையில் சேர்வதை நிறுவனங்கள் விலக்கலாம். ஆனால் உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்ற அதே நோய்க்கான பரிசோதனையை, சேர்க்கைக்கு முந்தைய அல்லது பிந்தைய செலவாகக் கோர இயலும். இதற்குரிய நாட்களின் எண்ணிக்கை பாலிசியில் இருக்கும். பரிசோதனை ஏன் தேவைப்பட்டது, அதன் முடிவு சிகிச்சையை எவ்வாறு தீர்மானித்தது என்று மருத்துவரிடம் கடிதம் பெற்று இணையுங்கள்.

நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்து மூலம் முறையிடுவது முதற்படி. ஒரு மாதத்துக்குள் பதில் வராவிடினும், பதில் நிறைவளிக்காவிடினும், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு வழங்க அவருக்கு அதிகாரம் உண்டு.

மருத்துவமனை எங்குள்ளது என்பது இங்கே பொருட்டன்று. உங்கள் வசிப்பிடம் அல்லது நிறுவனத்தின் கிளை இருக்கும் இடமே கணக்கு. எனவே கேரளத்தில் வசிப்போர் கொச்சி அலுவலகத்தை அணுகலாம். பாலிசி வழங்கிய கிளை தமிழகத்தில் இருப்பின் சென்னை அலுவலகத்தையும் அணுகலாம். இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் அதே பொருள் குறித்து வழக்குத் தொடுத்துவிட்டால், குறைதீர்ப்பாளர் அதனை ஏற்கமாட்டார். ஆதலின் வரிசை தவறாமல் செல்லுங்கள். மறுப்புக் கடிதத்தையும் அது கிடைத்த தேதியையும் பத்திரப்படுத்துங்கள்.