தறி நிற்கும் நாட்களும் காட்டு வேலையும்

“அடைமழையில் பாவு காய்வதில்லை; தறி நிற்கிறது. அந்நாட்களில் ஜீவனத்துக்கு என்ன செய்வது?” என்று ஆண்டிபட்டிப் பக்கத்து நெசவாளர் ஒருவர் தணிக்கையின்போது என்னைக் கேட்டார். அதற்கு ஒரு விடை வால்பாறையில் உள்ளது.

ஆனைமலையில் தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே சிதைந்து கிடந்த மழைக்காடுகளை இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மீட்டு வருகின்றனர். விதை சேர்த்தல், நாற்றங்காலில் கன்று வளர்த்தல், தென்மேற்குப் பருவமழையில் நடுதல், உண்ணிச் செடி முதலிய களைகளை நீக்குதல் எனப் பருவத்துக்கேற்ப வேலை மாறும். ஆராய்ச்சிக்கென மரங்களுக்கு எண்ணிட்டு, 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு குறிப்பதும் உண்டு. இழை எண்ணத் தவறினால் சேலை கெடும். அளவு தவறினால் ஆராய்ச்சி கெடும். நட்டு மீட்ட இடங்களில், அப்படியே விடப்பட்ட இடங்களைவிட மரவகைகள் மிகுதி என 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது.

வைகை பிறக்கும் வருசநாடு, மேகமலைப் பகுதிக் காடுகள் 2021-இல் புலிகள் காப்பகமாயின. அக்காடு செழித்தால்தான் ஆற்றில் நீர். நீர் இருந்தால்தான் நம் வயல். இங்கும் இத்தகைய வேலை வருமாயின், அங்கத்தினர்கள் தனித்தனியே சென்று கிடைத்த கூலிக்கு இசையலாகாது. சங்கத்தின் வழியே எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்க. நாட்கூலி, வேலை நாட்கள், கூலி தரும் தேதி ஆகியன அதில் இருத்தல் வேண்டும். யானையும் பாம்பும் உலவும் இடமாதலால் விபத்துக் காப்பீடு இன்றிக் காட்டில் காலெடுத்து வைக்க வேண்டாம்.

இவ்வேலை தறிக்கு மாற்று அன்று. தறி நிற்கும் நாட்களுக்குத் துணை.