பழைய கம்ப்யூட்டரும் பத்திரமான பிரதியும்

திருநெல்வேலி டவுனில் கல்யாணப் பத்திரிகை அச்சிட்டுத் தரும் அச்சகங்களுக்குள்ளும், சார்பதிவாளர் அலுவலகங்களை ஒட்டிய பத்திர எழுத்தர்களின் சிறு கூடங்களுக்குள்ளும், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, ஸ்ரீவைகுண்டம் முதலிய ஆற்றங்கரை ஊர்களின் டைப்பிங் சென்டர்களுக்குள்ளும் எட்டிப் பார்ப்பவர்களுக்கு, மைக்ரோசாஃப்ட் நிறுவனமே பராமரிப்பை நிறுத்திவிட்ட விண்டோஸ் எக்ஸ்பியும் விண்டோஸ் 7-உம் இன்னமும் ஓய்வின்றி உழைத்துக்கொண்டிருப்பது பிரத்தியட்சமாகத் தெரியவரும். இதைக் கஞ்சத்தனம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது; அதற்குத் தக்க காரணங்கள் உண்டு.

யூனிகோடு முறை பரவுவதற்கு முன்னால், வானவில், ஸ்ரீலிபி, பாமினி முதலிய எழுத்துருக்களில் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் ஏற்பாட்டை வைத்துக்கொண்டிருந்த காலத்தில், பேஜ்மேக்கர் மென்பொருளைக் கொண்டு இங்குள்ள அச்சகத்தார் பக்கம் பக்கமாகச் சேர்த்து வைத்த கோயில் மலர்களும், குடும்ப வரலாறுகளும், சங்கங்களின் ஆண்டறிக்கைகளும், அந்தந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறக்கப்பட்டால் தமிழாகத் தோன்றாமல் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த அர்த்தமற்ற வரிசையாகவே தோன்றும். ஆகவே அந்தப் பழைய யந்திரம் வெறும் கருவியாக நின்றுவிடாமல், தன் எழுத்தைத் தானே வாசிக்கத் தெரிந்த கடைசிப் புலவராகவும் இருந்துவருகிறது. இதனோடு, 2011-ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு எல்காட் நிறுவனத்தின் மூலம் கொள்முதல் செய்து மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். படித்து முடித்த பிள்ளை சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போய்விட, வீட்டில் தங்கிவிட்ட அந்த மடிக்கணினி, தங்கையின் பாடத்துக்கும், தாத்தாவின் ஓய்வூதியக் கணக்குக்கும், குடும்பத்தின் புகைப்படங்களுக்கும் புகலிடமாகிவிட்டது.

இவ்வளவையும் தாங்கி நிற்பது ஹார்ட் டிஸ்க் என்னும் ஒரு சிறு பெட்டி. 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க், இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகளைக் கொண்டிருந்தும் ஏறத்தாழ ஐம்பது லட்சம் எழுத்துகளையே தாங்கியது; இன்று உள்ளங்கையில் அடங்கும் பெட்டியோ ஒரு நூலகத்தையே விழுங்கிவிடுகிறது. அதனுள்ளே அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ ஆன தட்டுகள், காந்தப் பூச்சு பூசப்பெற்று, நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. அவற்றின்மீது எழுதவும் படிக்கவும் செய்யும் நுண்ணிய தலை, தட்டைத் தொடுவதே இல்லை. சுழற்சியால் எழும் காற்றின் மேல், தலைமயிரின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில் மிதந்துகொண்டே போகிறது. ஒரு தூசியோ, ஒரு தட்டலோ அந்த இடைவெளியைக் குலைத்துவிடுமானால் தலை தட்டில் உராய்ந்து, அந்த இடத்தில் எழுதியிருந்தது என்றென்றைக்கும் அழிந்துபோகும். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரை இடம் மாற்றாதீர்கள் என்று சர்வீஸ் கடைக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் இதுவே.

டிஸ்க் நோயுற்றிருப்பதற்கு லட்சணங்கள் உண்டு. ஒரு கோப்பைத் திறக்க வழக்கத்துக்கு மாறாக நெடுநேரம் பிடிப்பது, பிரதி எடுக்கும்போது பாதியில் உறைந்து நிற்பது, அடிக்கடி நீலத்திரை விழுவது, கம்ப்யூட்டர் எழும்பும்போதெல்லாம் தானாகவே டிஸ்க் பரிசோதனை தொடங்குவது ஆகியவை முதற்கட்டம். உள்ளிருந்து 'டிக், டிக்' என்று ஒரே சீராக ஓசை எழுமானால் அது கடைசிக் கட்டம். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் என்னும் குறிப்பேடு ஒன்றும் அதனுள் உண்டு. பழுதுபட்ட இடங்களுக்குப் பதிலாக மாற்றிடம் ஒதுக்கப்பட்ட எண்ணிக்கையும், இன்னும் படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் இடங்களின் எண்ணிக்கையும் அதில் ஏறிக்கொண்டே போனால், டிஸ்க்கின் ஆயுள் முடிவை நெருங்குகிறது என்று அறியலாம்.

இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலான நஷ்டங்கள் நிகழ்கின்றன. நெல்லையின் எந்தச் சர்வீஸ் கடையிலும் கேட்கக்கூடிய சம்பாஷணை இது: "அண்ணாச்சி, உள்ள எதும் முக்கியமா கெடக்கா? இல்ல, ஃபார்மட் அடிச்சிரவா?" "அடிச்சிருங்க தம்பி, ஓடுனாப் போதும்." மூன்றாம் நாள் வீட்டில் ஒருவர் பேரனின் காதுகுத்துப் படங்களைத் தேடும்போதுதான் அந்த விடையின் விலை புலப்படுகிறது. விரைவு ஃபார்மட் என்பது கோப்புகளின் அட்டவணையை மட்டும் கிழித்துவிட்டு எழுத்துகளை அப்படியே விட்டுவைப்பதாகையால், அதன்மேல் வேறெதுவும் எழுதாதவரை, மீட்பு மென்பொருளால் பெரும்பகுதியைத் திரும்பப் பெற வழியுண்டு. விண்டோஸ் எக்ஸ்பியின் முழு ஃபார்மட் கூடத் தட்டைப் படித்துச் சோதிப்பதோடு நின்றுவிடும். விஸ்டா முதலாக வந்தவையோ முழு ஃபார்மட்டின்போது தட்டு முழுவதும் பூஜ்யங்களை எழுதிவிடுகின்றன, அதற்குப் பிறகு மீட்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதற்கு அடுத்த ஆபத்து, நல்லெண்ணத்தோடு செய்யப்படும் சிகிச்சை. செக்டிஸ்க் என்னும் விண்டோஸின் சொந்தப் பரிசோதனை, திடீர் மின்வெட்டால் அட்டவணை குழம்பிய ஆரோக்கியமான டிஸ்க்குக்கு நல்ல மருந்தே. ஆயினும் தேய்ந்து சாகக் கிடக்கும் டிஸ்க்கில் அதை ஏவினால், பழுதான இடங்களை மீண்டும் மீண்டும் படிக்கச் சொல்லி அதன் எஞ்சிய மூச்சையும் வாங்கிவிடுவதோடு, கோப்புகளின் அட்டவணையையும் தன் யூகப்படி திருத்தி எழுதிவிடும். எனவே வரிசை மாறக் கூடாது: முதலில் கம்ப்யூட்டரை நிறுத்த வேண்டும், பிறகு டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. இணைப்பான் வழியாக வேறு கம்ப்யூட்டரில் பொருத்தியோ, பென் டிரைவிலிருந்து லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை எழுப்பியோ, அந்த டிஸ்க்கில் ஒன்றும் எழுதாமல் உள்ளதைப் பிரதி எடுக்க வேண்டும். எடுக்கும்போதும் இன்றியமையாதவற்றை முதலில் எடுக்க வேண்டும். சோதனையும் சிகிச்சையும் அதற்குப் பின்னரே.

டிஸ்க் போய்விட்டது என்று அவசரப்பட்டுத் தீர்ப்பளிப்பதும் தவறு. தாய்ப்பலகையில் பதித்திருக்கும் 3 வோல்ட் நாணய பேட்டரி தீர்ந்துபோனால், கடிகாரம் பல வருஷங்கள் பின்னோக்கிச் சென்று, இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றுகளை ஏற்க மறுப்பதுடன், எந்த டிஸ்க்கிலிருந்து எழும்ப வேண்டும் என்ற ஞாபகமும் தப்பி, 'டிஸ்க் இல்லை' என்றே யந்திரம் சாதிக்கும்; சில்லறை விலையுள்ள ஒரு பேட்டரியை மாற்றி, அமைப்புகளைச் சரிசெய்தால் தீரும் வியாதி அது. திரை இருண்டு பீப் ஒலி மட்டும் கேட்டால், ரேம் பலகையைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிப்பான் ரப்பரால் மெல்லத் தேய்த்து, மறுபடி அழுத்திப் பொருத்துவது நம்மூர் மெக்கானிக்குகள் அன்றாடம் கையாளும் உபாயம். அநேகமாகப் பலிக்கவும் செய்கிறது. கேபிள் தளர்ந்திருக்கலாம், எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கி சோர்ந்திருக்கலாம். தாய்ப்பலகையிலுள்ள சிறு உருளைக் கெபாசிட்டர்களின் தலை வீங்கியிருக்கலாம். காற்றாடியில் தூசி அடைத்து, வெப்பம் தாங்காமல் யந்திரம் தானே அணைந்துகொண்டிருக்கலாம். கோடையில் அனல் பறக்கும் திருநெல்வேலியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்டுவதும், மின்சாரம் நின்று நின்று வரும் தெருக்களில் ஒரு யு.பி.எஸ். வைத்துக்கொள்வதும், தட்டுச் சுழலும் டிஸ்க்கில் ஏழில் ஒரு பங்கு இடத்தையாவது காலியாக விட்டு, சிதறிக் கிடக்கும் கோப்புகளை ஒன்றுசேர்க்கும் டீஃபிராக்கை எப்போதாவது செய்வதும் செலவு குறைந்த பராமரிப்பு முறைகள். சுழலும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகை டிஸ்க்குக்கு மட்டும் டீஃபிராக் வேண்டுவதில்லை.

தூசியும் வெப்பமும் மெல்லக் கொல்பவை. தாமிரபரணிக் கரையில் வாழ்பவர்கள் அஞ்ச வேண்டியது தண்ணீருக்கு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்ட, ஆறு கரைமீறி, திருநெல்வேலி ஜங்ஷன் பேருந்து நிலையத்தையும் கொக்கிரகுளத்துக் கலெக்டர் அலுவலக வளாகத்தையும் சூழ்ந்து, ஸ்ரீவைகுண்டம், ஏரல் வட்டாரங்களைத் தீவாக்கிய நாட்களை இவ்வூரார் மறந்திருக்க முடியாது. நனைந்த கம்ப்யூட்டரைத் துடைத்து வெயிலில் வைத்து, காய்ந்துவிட்டது என்று நம்பி ஸ்விட்சைப் போடுவது எவருக்கும் இயல்பாகத் தோன்றும் காரியந்தான். ஆனால் டிஸ்க்கின் மூடியில், உள்காற்றின் அழுத்தத்தைச் சமன்படுத்துவதற்கென்று ஒரு சுவாசத் துவாரம் இருக்கிறது. வெள்ளநீர் அதன் வழியே புகுந்து, வண்டலைத் தட்டின்மேல் விட்டுச்செல்கிறது. மண் காய்ந்து ஒட்டிக்கொண்ட பிறகு மின்சாரம் பாய்ந்தால், முதல் சில சுழற்சிகளிலேயே தலையும் தட்டும் சேர்ந்து நாசமாகும். ஆகையால், உயிரனைய தகவல் இருக்கும் டிஸ்க்கைக் காயவைக்காமல், ஈரத்துணியோடு பிளாஸ்டிக் உறையில் இட்டுக் கட்டி, மின்சாரம் காட்டாமல், தகவல் மீட்புக் கூடத்துக்கு அனுப்புவதே முறை. அந்தக் கூடங்களில், தூசி வடிகட்டிய அறைக்குள்ளேதான் டிஸ்க்கைத் திறக்கிறார்கள்; வீட்டு மேஜையில் ஸ்குரூடிரைவரால் அதைத் திறப்பவர், மீட்பதற்கு இருந்த வாய்ப்பையும் தம் கையாலேயே கெடுத்துக்கொள்கிறார்.

இனி, பழைய விண்டோஸை எதுவரை ஓட்டலாம் என்ற கேள்வி. எக்ஸ்பிக்கான பராமரிப்பு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடும், விண்டோஸ் 7-க்கானது 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடும், விண்டோஸ் 10-க்கான பொதுவான பராமரிப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடும் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11-ஓ, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் குறித்த தலைமுறைக்குப் பிந்திய செயலியும் வேண்டும் என்று நிபந்தனை போடுவதால், வேலை செய்யும் நிலையிலுள்ள எத்தனையோ கம்ப்யூட்டர்கள் வாசலிலேயே நிறுத்தப்பட்டுவிடுகின்றன. அச்சகத்து எக்ஸ்பியை இணையத்திலிருந்து அறவே துண்டித்து, பேஜ்மேக்கருக்கு மாத்திரம் வைத்துக்கொள்வதில் பாதகமில்லை. அதில் வங்கிக் கணக்கைத் திறப்பது மட்டும் கூடவே கூடாது. வீட்டு மடிக்கணினிக்கு ஒரு எஸ்.எஸ்.டி. பொருத்தி, லினக்ஸை நிறுவிவிட்டால், எழுந்திருக்கவே ஐந்து நிமிஷம் பிடித்த யந்திரம் அரை நிமிஷத்தில் கண்விழிப்பதைப் பார்க்கலாம். அரசு கொடுத்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் என்னும் இந்திய லினக்ஸும் தொடக்கத்திலேயே இருந்தது என்பதை, அவற்றைப் பயன்படுத்தியவர்களில் எத்தனை பேர் கவனித்தார்களோ!

யந்திரத்தை எவ்வளவு பேணினாலும் தட்டுக்கு அழிவு நிச்சயம். இந்த உண்மை நமக்குப் புதிதல்ல. பனையோலைக்கும் ஆயுள் உண்டு என்பதை அறிந்த நம் முன்னோர், ஓலை சிதையுமுன் வேறோர் ஓலையில் பெயர்த்தெழுதி வந்ததனால்தான் சங்க நூல்கள் பிழைத்தன. 1889-இல் வெளிவந்த பத்துப்பாட்டுப் பதிப்புக்காக உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி அலைந்தபோது, திருநெல்வேலியிலும் ஆழ்வார்திருநகரியிலும் கவிராயர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்ட ஏடுகளைக் கண்டு பூரித்தார்; அதே சீமையைச் சேர்ந்த கரிவலம்வந்தநல்லூரிலோ, கோயிலில் கிடந்த ஏடுகள் நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் இடப்பட்ட செய்தியைக் கேட்டு மனம் நொந்தார். பழைய ஏட்டை நீருக்கோ நெருப்புக்கோ கொடுப்பதில் குற்றமில்லை, அதற்கு முன் பிரதி ஒன்று எழுதப்பட்டிருக்குமானால். பிரதி எழுதும் வழக்கம் ஓய்ந்த பிறகும் சடங்கு மட்டும் தொடர்ந்ததே அங்கு நேர்ந்த அனர்த்தம். பிரதி இருக்கிறதா என்று கேளாமலே ஃபார்மட் அடிக்கச் சொல்பவர் செய்வதும் இதுவே.

கம்ப்யூட்டரை எந்தக் கடையிலும் வாங்கிவிடலாம். அதில் நாம் எழுதி வைத்ததை விற்கும் கடை எங்கும் கிடையாது. ஆகவே பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும், அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, இன்றியமையாத கோப்புகளை இரண்டு பிரதிகளாக எடுத்து, எழுத்துருக்களையும் உடன் சேர்த்து, முடிந்தவற்றை யூனிகோடுக்கு மாற்றியும் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்தால் ஒரே வெள்ளம் இரண்டையும் கொண்டுபோய்விடும். ஆதலால் ஒன்றை மேட்டுப்பாங்கான வேறு தெருவிலோ வேறு ஊரிலோ உள்ள உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை, ஐப்பசி அடைமழை தொடங்குமுன், அவ்விரண்டையும் திறந்து பார்த்து, படிக்க முடிகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்புவதற்கில்லை.