கொக்கலையிலிருந்து பேர்த் வரை

தூரத்தை வேகத்தால் வகுத்துக் காலம் காணும் கணக்கை நாமெல்லாம் கரும்பலகையிற் செய்தவர்களே. புகைவண்டி எப்பொழுது வந்துசேரும் என்பதற்கு மேல் அதனால் யாது பயன் என்று அன்று முணுமுணுத்தோரும் நம்மிற் பலர். அக்கணக்கையே நம்பி மாந்தர் உயிரை ஒப்புவித்த விமானப் பாதையொன்று நம் நாட்டிலே இருந்தது.

1942இல் சிங்கப்பூர் யப்பானியர் வசமானதும், இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையிலான வான்வழி அறுந்தது. அதனைப் பொருத்துதற்காக, 1943ஆம் ஆண்டின் நடுப்பகுதி முதல் 1945 யூலை வரை, காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை வாவிக்கும் பேர்த் நகரின் சுவான் ஆற்றுக்கும் இடையே குவாண்டாஸ் நிறுவனத்தார் கட்டலினா என்னும் கடல் விமானங்களைச் செலுத்தினர்.

தூரம் ஏறத்தாழ 3,500 மைல். வழி முழுவதும் இந்து சமுத்திரம். விமானத்தின் வேகம் மணிக்கு 125 மைல் எனக் கொள்ளின், விடை 28 மணி. ஆயின் அவ்வேகம் காற்றினூடே செல்லும் வேகமேயன்றிக் கடற்பரப்பின்மீது கடக்கும் வேகமன்று. நெடுந்தீவுக்கு வள்ளத்திற் சென்றோர் நீரோட்டத்தின் குணத்தை அறிவர்; வானிற் காற்றும் அத்தகையதே. 15 மைல் வேகத்தில் எதிர்க்காற்று வீசின் 110 மைலே எஞ்சும். பயணமும் 32 மணியை எட்டும். 5 மைல் பின்காற்று வாய்த்தாலோ 27 மணியிற் கரை காணலாம். உண்மையிலும் இப்பயணங்கள் 27 முதல் 33 மணிவரை நீடித்தன. பயணிகள் ஒரே பயணத்தில் இருமுறை சூரியோதயம் கண்டனர்.

நான்கு மணி நேரத் தாமதம் புகைவண்டி நிலையத்திற் கொட்டாவியோடு தீரும். நடுக்கடலிலோ அஃது எரிபொருட் பிரச்சினை. 36 மணிக்குப் போதிய எரிபொருள் உண்டென வைத்துக்கொள்வோம். காற்றற்ற வானிற்கூட 18ஆம் மணிக்குப்பின் புறப்பட்ட இடத்துக்குத் திரும்புதல் இயலாது. முன்னே செல்வதொன்றே வழி. எரிபொருளின் பாரத்தினாலே பயணிகள் மூவர்க்கும் சிறிதளவு தபாலுக்கும் மேல் ஏற்ற முடியவில்லை.

பகைவர் அறியாவண்ணம் வானொலியும் மௌனம் காத்தது. ஆகவே மாலுமிகள் விண்மீன்களின் உயரத்தைக் கருவிகொண்டு அளந்து தாம் இருக்குமிடத்தைக் கணித்தனர். அவ்விமானங்கள் ஐந்துக்கும் விண்மீன்களின் பெயர்களே சூட்டப்பட்டிருந்தன. அல்டெயர், அன்ராறெஸ், ஸ்பைக்கா என்பன நம் பஞ்சாங்கத்துத் திருவோணமும் கேட்டையும் சித்திரையுமே. ஏனைய இரண்டும் வேகா, றைஜெல். இவை 271 தடவை சமுத்திரத்தைக் கடந்தன.

மணிக்கு 500 மைல் செல்லும் இக்காலத் தாரை விமானத்துக்கு அதே தூரம் 7 மணி நேரப் பயணம். 2018 மார்ச்சில் அதே நிறுவனத்தார் பேர்த்திலிருந்து இலண்டனுக்கு இடைநில்லாச் சேவை தொடங்கினர். தூரம் ஏறத்தாழ 9,000 மைல். காலம் 17 மணி அளவு.