ஆயர் மீண்டும் மாணவராகும்போது: ஜெர்மனியில் முதல் ஆண்டு

மேற்படிப்பிற்கென ஜெர்மனிக்குச் செல்லும் ஆயருக்கும் இறையியல் மாணவருக்கும் நம் சபைகளில் வழியனுப்பு ஆராதனை நடத்துகிறோம். சால்வை அணிவித்து, வேண்டுதல் செய்து, விமான நிலையம்வரை சென்று திரும்புகிறோம். நுழைவு அனுமதியும் உதவித்தொகைக் கடிதமும் கையில் இருந்தால் ஆயத்தம் முடிந்தது என்பது பலரது எண்ணம். நாமும் அவ்வாறு எண்ணித்தான் புறப்பட்டோம்.

ஆனால், சேகரத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு அறிவுரை கூறி வந்த ஒருவர், அங்குச் சென்றிறங்கிய மறுநாளே ரொட்டிக் கடையில் தமக்கு வேண்டியதைக் கேட்டு வாங்க இயலாதவராகிறார். அவர் இழப்பது வசதியை அன்று, சொல்லை. சொல்லையே ஊழியமாகக் கொண்டவருக்கு இதைவிடப் பெரிய தாழ்வு இல்லை. அயல்நாட்டில் குடியமர்வதன் ஏனைய சிக்கல்கள் யாவும் இதனைச் சுற்றியே நிற்கின்றன எனக் கருதுகிறோம்.

நம் வரலாற்றில் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. 1706 ஜூலை 9-இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையிறங்கியபோது அவருக்கு 24 வயது நிறைய ஒரு நாள் குறைவாயிருந்தது. ஹாலேயில் பயின்று, குருப்பட்டம் பெற்று, டென்மார்க்கு அரசரால் அனுப்பப்பட்ட அவர், சிறு பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். இக்காட்சியை நாம் பிரசங்கங்களில் எத்தனையோ முறை எடுத்துக்காட்டியிருக்கிறோம். நமக்கும் அது நேரும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. 1714-இல் அவர் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபோது மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரை உடன் அழைத்துச் சென்றார். 1716-இல் ஹாலேயில் அச்சான அவரது தமிழ் இலக்கணத்தைக் குறித்து நிறையப் பேசுகிறோம். அந்நகரின் குளிரில் அவ்விளைஞர் எப்படி நாள்களைக் கழித்தார் என்று கேட்போர் அரியர்.

புதிதாக வந்தவர் பல்கலைக்கழகத்திற்கு முன் நகர அலுவலகத்தைச் சந்திக்கிறார். குடிபுகுந்த இரண்டு வாரத்திற்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். வீடு தந்தவர் கையொப்பமிட்ட சான்றும் வேண்டும். அப்பதிவின்போது சமயம் எதுவென்று கேட்பர். இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஜெர்மனியில் வருமான வரியோடு திருச்சபை வரியும் வசூலிக்கப்படுகிறது. பவேரியா, பாடன்-வூர்ட்டம்பெர்க்கு ஆகிய இரு மாநிலங்களில் வருமான வரியில் 8 விழுக்காடு, ஏனையவற்றில் 9. வருமான வரியே செலுத்தாத மாணவரிடம் இவ்வரியும் கேட்கப்படுவதில்லை. ஆயினும், முன்னரே சென்று தங்கியுள்ள நண்பர் எவரேனும், “சமயம் இல்லை என்று எழுதிவிடுங்கள், பின்னாளில் பணம் மிஞ்சும்” என்று அன்போடு அறிவுரை கூறுவார். நமக்கும் கூறினார்கள்.

குருப்பட்டம் பெற்ற ஒருவர் அக்கட்டத்தில் அவ்வாறு எழுதலாமா? எழுதலாகாது என்பதே நம் கருத்து. அறிக்கையிடுவதைக் குறித்துப் பிறருக்குப் போதிப்பவர், அரசாங்கத் தாளில்தானே என்று அதனைச் சிறிதாக்கிவிட முடியாது. மேலும், நம் மாணவர் பெறும் திருச்சபை உதவித்தொகைகளிலும் அவ்வரிப் பணத்திற்குப் பங்குண்டு. காணிக்கைப் பையில் மனமுவந்து இடுவதே கொடை எனப் பழகிய நமக்கு, அரசின் வரித்துறை திருச்சபைக்காக வசூலிப்பது உறுத்தத்தான் செய்யும். அவ்வுறுத்தலைக் கருத்தரங்கில் எழுப்புவதே முறை. ஜெர்மானியரே அதனை ஆர்வத்தோடு வாதிடுகின்றனர்.

பணத்தைக் குறித்துச் சுருக்கமாகவே சொல்வோம். உதவித்தொகை இல்லாதவர் முடக்கக் கணக்கு ஒன்றில் ஓராண்டுச் செலவைச் செலுத்திக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் இத்தொகை 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது; மாதம் 992 யூரோ என்ற அளவிலேயே அதை எடுக்க முடியும். இதைவிட நம்மவர் பலரும் அறியாதது மருத்துவக் காப்பீடு. மாணவருக்குரிய குறைந்த கட்டணம் 30 வயதோடு முடிகிறது. நம் சபைகளோ பத்தாண்டு ஊழியம் செய்தபின்னரே ஒருவரை மேற்படிப்பிற்கு அனுப்புகின்றன! இச்செலவு எவர் பொறுப்பு என்பதைப் புறப்படுமுன் எழுத்தில் பெற்றுக்கொள்வது நலம்.

இனி மொழி. இலக்கணம் கடினம் என்பது எவரும் அறிந்ததே. நம்மைத் தடுக்கிவிழச் செய்தது முன்னிலைச் சொல். ஜெர்மானியத்தில் நெருங்கியவரை ‘டு’ என்றும், மதிப்பிற்குரியவரையும் அறிமுகமற்றவரையும் ‘ஸீ’ என்றும் அழைப்பர். நீ, நீங்கள் என்று நாம் பழகியதுதானே எனலாம். ஆனால் வயதில் இளைய மாணவர்கள் முதல் நாளிலேயே நம்மை ‘டு’ என அழைத்தபோது முகம் சுருங்கியதை ஒப்புக்கொள்கிறோம். அங்கு மாணவருக்குள் அதுவே இயல்பு. பின்னர் ஆராதனைக்குச் சென்றால், கடவுளையும் அவர்கள் ‘டு’ என்றே அழைக்கிறார்கள். தமிழ்க் கிறிஸ்தவர் கடவுளுக்கென்று ‘நீர்’ என்னும் இடைப்பட்ட சொல்லைக் காத்து வைத்திருக்கிறோம்; அது நீயும் அன்று, நீங்களும் அன்று. ஜெர்மானிய மொழியில் மன்றாட முயன்றபோது அச்சொல் இல்லாத வெறுமை பல மாதங்கள் நம்மை வாட்டியது. நம் மொழி நமக்குச் செய்திருந்த உதவியை அயல்மொழியில்தான் உணர்ந்தோம்.

வகுப்பறையின் வழக்கமும் வேறு. பத்து மணி என்று குறித்து அருகில் ‘சி. டி.’ என்னும் இலத்தீன் சுருக்கத்தை இட்டிருந்தால், விரிவுரை பத்தேகாலுக்குத் தொடங்கும். இது தெரியாமல் வெற்று அறையில் காத்திருப்பது பெரிய தவறன்று. கருத்தரங்கில் வாய் திறவாதிருப்பதே பெருந்தவறாகிறது. பேராசிரியரின் கூற்றை மறுத்துப் பேசுவதை நாம் அடங்காமை என்கிறோம், அவர்கள் ஆயத்தம் என்கிறார்கள். ஆய்வு வழிகாட்டியை ‘டாக்டர்-தந்தை’ என்னும் பொருள்படும் சொல்லால் வழங்குகின்றனர். சொல்லைக் கேட்டுக் குருகுலத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றமே. அவர் நம்மைத் தேடி வரமாட்டார், நாமே நாள் கேட்டுச் சென்று ஐயத்தை வைக்க வேண்டும். எபிரேய வாசிப்பு வகுப்பு ஒன்றில்தான் முதற்பருவத்தில் நாம் பிறரோடு ஒத்த நிலையில் நின்றோம். அம்மொழி அங்கிருந்த அனைவருக்குமே அயல்மொழி!

டிசம்பர் மாதத்தில் வட ஜெர்மனியில் காலை எட்டரை மணிக்குத்தான் கதிரவன் தோன்றுகிறது. மாலை நான்கு மணிக்கு மறைந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறப்பதில்லை. 1919-ஆம் ஆண்டு வைமார் அரசியலமைப்பு அந்நாளுக்கு அளித்த பாதுகாப்பு இன்றைய அடிப்படைச் சட்டத்திலும் நிலைத்துள்ளது. சபை மக்கள் நிறைந்த வீட்டிலிருந்து வந்தவருக்கு அந்த ஓய்வுநாளின் அமைதி தாங்க முடியாததாகும். ஆராதனை முடிந்ததும் கைகுலுக்கிப் பிரிந்துவிடுகின்றனர். இதை அன்பின்மை என்று அவசரப்பட்டுத் தீர்ப்பிடலாகாது. அழைப்பு வரத் தாமதமாகும். வந்தபின் அந்நட்பு நிலைக்கும். அதுவரை தாங்குவதற்குப் பல்கலைக்கழக நகரங்களிலுள்ள சுவிசேஷ மாணவர் சபைகள் உள்ளன. பொது உணவு, விடுதி, மாணவர் போதகர், நெருக்கடியில் பண உதவி எனப் பலவகையில் அவை துணை நிற்கின்றன.

தமிழ்க் குடும்பங்களும் உண்டு. 1980-களில் ஈழத்திலிருந்து அடைக்கலம் தேடி வந்தோர் பல நகரங்களில் வாழ்கின்றனர். சோறும் குழம்பும் இட்டு நம்மை வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டார்கள். ஆயினும் அவர்கள் மேசையில் அமர்ந்திருந்தபோது ஒரு வேறுபாடு உறுத்தியது. நமக்குத் திரும்பிச் செல்ல ஊர் இருந்தது, காத்திருக்கும் சேகரம் இருந்தது. சேகரத்தைக் குறிக்கும் ‘பாரிஷ்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் மூலமான ‘பாரோய்க்கியா’ என்னும் கிரேக்கச் சொல், அயலாராய்த் தங்கியிருத்தல் என்ற பொருளுடையது. அதனைத் தேர்விற்காக மனனம் செய்திருந்தோம். அவர்களோ அதனை வாழ்ந்து கொண்டிருந்தார்கள்.

இறுதியாக, ஊருக்கு எழுதும் கடிதங்கள். பல்கலைக்கழக மொழித் தேர்வில் முதன்முறை நாம் தேறவில்லை. இதனைச் சபைக்குத் தெரிவிக்க நான்கு மாதங்களாயின. அதற்கிடையில் பனி பெய்த அழகையும் ஆலயங்களின் உயரத்தையும் விரிவாக எழுதினோம். சால்வை அணிவித்தவர்களிடம் தோல்வியைச் சொல்ல நாணம். அந்நாள்களில் மாணவர் போதகரைச் சந்திப்பதையும் தவிர்த்தோம். அவர் நலம் கேட்டால் பொய் கூற வேண்டியிருக்குமே! கடைசியில் எழுதியபோது எம் சேகரத் தலைவரிடமிருந்து வந்த மறுமொழி மூன்று வரிதான். எதிர்பார்த்த கண்டனம் அதில் இல்லை. மீண்டும் எழுதத் தேர்வுக் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்டிருந்தார்.

அனுப்பும் சபைகளுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஒருவரைத் தெரிந்தெடுத்தவுடன் ஓராண்டு முன்னதாகவே சேகரப் பொறுப்பிலிருந்து விடுவித்து, சென்னையிலுள்ள மாக்ஸ்முல்லர் பவனில் மொழி கற்க வையுங்கள். அதற்காகும் செலவு வழியனுப்பு விழாக்களுக்கு ஆகும் செலவைவிட மிகுதியாகத்தான் இருக்கும்.