ஒன்றாம் வகுப்புக்கு டேப்லெட் எதற்கு?

உங்கள் ஆறு வயதுப் பிள்ளை உங்களைவிட வேகமாக செல்போன் திரையைத் தள்ளுகிறது. பிறகு பள்ளியில் தனியாகச் சொல்லித்தர என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. வீடியோவுக்கு நடுவே வருவது கதையா, விளம்பரமா என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் விழிக்கும். விரல் வேகம் வேறு, டிஜிட்டல் அறிவு (கருவியைப் புரிந்துகொண்டு பத்திரமாகப் பயன்படுத்துவது) வேறு.

எழுத்துக் கூட்டவே தெரியாத பிள்ளைக்கு இதெல்லாம் ஏறுமா? அந்த வயதுக்கென்றே 2014இல் ஸ்கிராட்ச் ஜூனியர் என்ற இலவசச் செயலி வந்தது. 5 முதல் 7 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. கட்டளைகள் எல்லாம் படக் கட்டைகள்தான். வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. திரையில் ஒரு பூனை நிற்கும். வலப்பக்க அம்புக்குறி போட்ட கட்டையை இழுத்து வைத்து, அதன் அடியில் 5 என்று கொடுத்தால் பூனை ஐந்து கட்டம் நகரும். மரத்தடியில் நிற்க வேண்டிய பூனை மரத்தைத் தாண்டிப் போய்விட்டதா? பிள்ளை எண்ணைக் குறைத்து மறுபடி ஓட்டிப் பார்க்கும். நிரல் எழுதுவது (கருவிக்கு வரிசையாகக் கட்டளை கொடுப்பது) என்பது இவ்வளவுதான். திரையில் நடப்பதெல்லாம் யாரோ ஒருவர் சொல்லிவைத்ததுதான் என்பது அப்போது பிள்ளைக்குப் பிடிபடும். என்னைக் கேட்டால், அந்த வயதில் இதற்கு மேல் பாடமே வேண்டாம். தட்டச்சு வேகமெல்லாம் மெதுவாக வரட்டும்.

ஆளுக்கொரு டேப்லெட் வேண்டாமா? இருவருக்கு ஒன்று போதும். ஒரு பிள்ளை தொடும், மற்றது வழி சொல்லும்; பேசாமல் வேலை நடக்காது. கருவியே இல்லாத வகுப்பில், “மூணு அடி முன்னாடி, அப்புறம் வலது பக்கம் திரும்பு” என்று ஒரு பிள்ளை சொல்ல, இன்னொரு பிள்ளை சொன்னபடி மட்டும் நடந்தால் போதும்.

கண் கெடாதா? 5 முதல் 10 வயது வரை ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்குள் திரை இருக்கட்டும் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2021இல் சொன்ன அளவு. வீட்டு டி.வி.யும் இந்தக் கணக்கில் சேரும்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது என்ன? போனில் பணம் கட்டும் செயலிகளுக்குக் கடவுச்சொல் போட்டுவிடுங்கள். பெயர், முகவரி, பள்ளி என்று திரை எதைக் கேட்டாலும், தெரியாத பெட்டி திறந்தாலும், கையை எடுத்துவிட்டு உங்களைக் கூப்பிடப் பழக்குங்கள். கூப்பிட்டு வந்த பிள்ளையைத் திட்டிவிடாதீர்கள். ஒருமுறை திட்டு விழுந்தால், அடுத்த முறை உங்களுக்குச் சேதியே வராது.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது, எத்தனை கருவி வாங்கினீர்கள் என்பதோடு நிறுத்தாமல், என் பிள்ளை அதில் என்ன செய்தது, காட்டுங்கள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.