முப்பதாம் நாளுக்குப் பிறகு

துணையை இழந்தால் இதயம் உண்மையிலேயே நொறுங்குமா? பிரிட்டனில் மனைவியை இழந்த, 55 வயதும் அதற்கு மேலும் ஆன 4,486 ஆண்களை ஆய்வாளர்கள் ஒன்பது ஆண்டுகள் கவனித்து, 1969-இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் ஆறு மாதங்களில் அவர்களிடையே இறப்பு, அதே வயதுள்ள மணமான ஆண்களைவிட 40 விழுக்காடு அதிகம். மாரடைப்பு போன்ற இதய நோய்களில்தான் அந்த உயர்வு மிகுதி. பின்னர் அது மெல்லக் குறைந்தது.

நாமோ முப்பதாம் நாள் திருப்பலியோடு அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்திவிடுகிறோம். வேளைக்குச் சோறு போட்டவரும், மாத்திரையை நினைவூட்டியவரும், நெஞ்சு வலி என்றால் மருத்துவரிடம் இழுத்துச் சென்றவரும் இல்லாத வீடு அது. அன்பியத்தாரே, இந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அங்கே போங்கள். சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா என்று கேளுங்கள். அடுத்த ஞாயிறும் போங்கள்.