மீன்தூளும் கோழி இறைச்சியின் மணமும்

மும்பைக் கரையோரத்தில் கோலி மீனவர் உலர்த்தும் சிறுமீன்களின் தூள் கோழித் தீவனத்திற்கும் பயன்படுவதாகும். லைசின், மெத்தியோனின் ஆகிய அமினோ அமிலங்கள் அதில் மிகுதியாதலின் குஞ்சுகள் விரைந்து வளர்கின்றன. ஆயின் மீனெண்ணெய் பறவையின் கொழுப்பில் படிந்துவிடும். விற்பனைக்குச் சில வாரங்களுக்கு முன்னரே மீன்தூளைக் குறைத்து நிறுத்தாவிடில் இறைச்சியில் மீன் வாடை வீசும். தாராவியாயினும் செம்பூராயினும், ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வாரார்.

நிலக்கடலைப் புண்ணாக்கில் வாடையில்லை. ஆனால் மேற்கூறிய இரு அமிலங்களும் குறைவு. ஈரத்தில் பூஞ்சை பிடித்தாலோ அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சும் தோன்றும். 1960இல் இங்கிலாந்தில் இத்தகைய புண்ணாக்கினால் இலட்சம் வான்கோழிகள் வரை மடிந்தன. மும்பையின் மழைக்காலத்தில் இதனை மறத்தலாகாது.

சோயாவில் லைசின் போதிய அளவு உண்டு. மெத்தியோனினை மட்டும் சிறிது சேர்த்தல் வேண்டும். பச்சைச் சோயா செரிமானத்தைத் தடுக்கும். தக்கவாறு சூடேற்றிய பின்னரே அது தீவனமாகும்.